பெரம்பலூரில் செய்த அரபுப் பாடங்கள்

அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன். நேரில் "மச்சான், வாங்க, சொல்லுங்க" என்று மரியாதை கொடுத்ததெல்லாம் போதும். என் மாமியின் மகன். மாமி என்றால் என் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்கா. எனக்கு அவன்தான் என்று சின்ன வயதிலேயே இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். பி.காம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அரபு நாட்டுக்குப் போனான். அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து பூட்டி, ஒயர் கழன்றால் மாட்டி, தூசி தட்டி வைக்கிற வேலை. எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டில் மட்டும் அவன் 'கம்ப்யூட்டர் வாத்தியார்'.

நான் அரியலூரில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தவள். படிப்பு முடிந்ததும் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். தினமும் லெப்பைக்குடிக்காட்டில் இருந்து பஸ். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் உட்கார்ந்து, யார் மவுசைப் பிடிப்பது என்று சண்டை போடுவார்கள். கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்தும், நானும் "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று கத்துவேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

லீவில் வந்தவன் ஒருநாள் சென்டருக்கு வந்தான். பிள்ளைகளுக்காக நான் பூவின் பாகங்களை ஸ்லைடாகச் செய்து வைத்திருந்தேன். ஒரு க்ளிக்குக்கு ஒரு இதழ் விரியும். அதையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தான். அவன் பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் வாங்கிக் கூரையில் மாட்டிவிட்டார்கள். அதில் எதைக் காட்டுவது என்று டீச்சர்களுக்குத் தெரியவில்லை. பாடத்தை ஸ்கிரீனில் வருகிற மாதிரி யாராவது செய்து தர முடியுமா என்று பெண்கள் பிரிவின் முதீரா கேட்டு அனுப்பியிருக்கிறார். தலைமையாசிரியையை அங்கே முதீரா என்பார்கள். இவன் முன்னே பின்னே யோசிக்காமல், நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"உனக்குத்தான் அரபு எழுத்து தெரியுமே. பாத்துப் பாத்து அடிச்சிர மாட்டே?" என்றான்.

தெரியும்தான். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்குவதற்கு முன்பே ஓதப் போய்விடுவோம். குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவள் நான். எழுத்தைப் பார்த்தால் நாக்கு தானாகச் சொல்லும், ஆனால் அர்த்தம் தெரியாது. கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்குகிற அளவுக்குக்கூட அரபு பேசத் தெரியாது. எழுத்து மட்டும் கண்ணுக்கும் விரலுக்கும் பழக்கம்.

அவன் ஒரு போட்டோவைக் காட்டினான். அவர்களுடைய லேப். தரை முழுக்கக் கார்ப்பெட், ஏ.சி., வரிசையாக ஆளுக்கொரு கம்ப்யூட்டர், எதிரே சுவர் நிறைய வெள்ளை ஸ்கிரீன். "முதீராகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நிக்காஹ் முடிஞ்சு நீ வந்ததும் பொண்ணுங்க லேபுக்கு உன்னைத்தான் டீச்சரா எடுப்பாங்க. கம்ப்யூட்டரை அங்க இங்கிலீஷ்லயே சொல்லித் தரலாம்" என்றான். அவன்மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டால், நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அந்த லேப்மேல்தான் ஆசை. போட்டோவை வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம், கம்பளிக்குள் சுற்றி அரபு எழுத்துப் போட்ட கீபோர்டு ஒன்றும் பாடப்புத்தகங்களும் கொடுத்தனுப்பினான். மத்தியானம் பேட்ச் இல்லாத நேரம் என்னுடையது. சோற்றை வேகமாகத் தின்றுவிட்டு உட்காருவேன். புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து, இது நம் ஊர் அறிவியல் புத்தகத்தில் எந்தப் பாடம் என்று கண்டுபிடிப்பேன். இதயம், செடி, மழை, சூரியனைச் சுற்றும் கோள்கள். தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த அரபு வார்த்தை எந்தப் பாகத்துக்கு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவேன். இதயத்துக்கு மட்டும் ஒரு மாதம் மாரடித்தேன். சிவப்பு ரத்தம் ஒருபக்கம் போகும், நீல ரத்தம் ஒருபக்கம் வரும், நடுவில் இதயம் சுருங்கி விரியும். சென்டர் பிள்ளைகள் எல்லாம் எழுந்துவந்து பார்த்து, "மிஸ், உயிரோட இருக்கு மிஸ்!" என்றார்கள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் நானே வடை வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி இரண்டு மூன்று வருஷம். முதலில் சிடியில் போட்டு ஆள்வழி அனுப்பினேன். பிறகு சென்டருக்கு இன்டர்நெட் வந்ததும் மெயிலில் போனது. ஒவ்வொரு தடவையும் "முதீரா அசந்துட்டாங்க" என்று எழுதுவான். யார் செய்தது என்று அவர்களிடம் சொன்னானா என்று நான் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அப்படி ஒரு மக்கு. இங்கே மாமி தெருத்தெருவாகப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். "எம் மவன் அரபிக்காரவூட்டுப் புள்ளைங்களுக்கே கம்ப்யூட்டர்ல பாடம் போட்டுக் காட்டுறான்" என்று என் வீட்டுக்கே வந்து என்னிடமே சொல்வாள். அவளுக்கு உண்மை தெரியாது. கட்டிக்கப்போகிறவன்தானே, பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுப்பேன்.

அந்த மாமிதான் ஒருநாள் என் அம்மாவிடம் வந்து உட்கார்ந்து, சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள். "தப்பா நெனச்சுக்காதே. தெனம் பஸ் ஏறி டவுனுக்குப் போயி, வயசுப் பயலுவ நடுவுல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுற பொண்ணு எங்க வூட்டுக்கு ஒத்து வராது. எம் மவனும் வேணாங்குறான். திருச்சியில ஒரு பொண்ணு பாத்திருக்கோம். படிச்ச பொண்ணு, ஆனா வூட்டோட இருக்கும்."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனும் வேணாங்குறானா! அந்த வாரம்தான் அவனுக்கு தாவரச் செல் பாடத்தை அனுப்பியிருந்தேன், "கண்ணு நீ இல்லேன்னா நான் அவுட்டு" என்று பதில் போட்டிருந்தான். நான் டவுனுக்குப் போய்த் தட்டியதுதான் அவனை அங்கே ஆளாக்கியது. அதையே காரணமாகக் காட்டி என்னை வேண்டாம் என்கிறான். வெளியே வந்து அத்தனையையும் போட்டு உடைத்திருப்பேன். அதற்குள் அம்மா அடுப்படிக்குள் வந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நாமளா சொன்னா, வேணாம்னதும் பொறாமையில கதை கட்டுறாம்பாங்க. வாய மூடு" என்று காதோடு சொன்னாள். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, மூடிக்கொண்டேன்.

கல்யாணம் திருச்சியில் நடந்தது. நான் போகவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பறந்துவிட்டான்.

அதற்கப்புறம் ஒரு பெருநாள் சமயம். மாமி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். நானும் அம்மாவும் பெருநாளாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தோம். பள்ளிக்கூட விழாவை வீடியோ எடுத்து விசிடியாக அனுப்பியிருந்தான். மாமி டிவியில் போட்டுக் காட்டினாள். மேடையில் பூச்செண்டு, அரபியில் யாரோ பேசுகிறார்கள். பின்னால் பெரிய ஸ்கிரீன். அதில் என் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நான் கலந்த சிவப்பு, நான் கலந்த நீலம். பக்கத்தில் கறுப்பு அபாயா அங்கியில் அந்தத் திருச்சிப் பெண் நின்று ஒரு பாராட்டுப் பத்திரத்தை வாங்குகிறாள்.

"எம் மருமவ! பொண்ணுங்க லேபுல டீச்சரா எடுத்துட்டாங்கள்ல! இந்தப் பாடமெல்லாம் எம் மருமவதான் செஞ்சதாம், முதீராவே மேடையில சொல்லுறாங்க பாரு" என்றாள் மாமி.

அதுவரைக்கும் என்னை வேண்டாம் என்றதைத்தான் பெரிய அடி என்று நினைத்திருந்தேன். இல்லை, இதுதான் அடி. அந்த லேபில் எனக்கென்று சொல்லி வைத்த நாற்காலியில், என் வேலையையே காட்டி, வேறு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டான். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் எனக்கு நல்லவள் என்று பெயர் கிடைக்கும். அவள்மேலும் கோபம் இருந்தது. கொடுத்த பத்திரத்தைக் கையை நீட்டி வாங்கினாள் இல்லையா? பாயசத்தைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வருகிற வழியெல்லாம், அல்லாவே, அவன் என் கையில் ஒரே ஒரு தடவை சிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

சிக்கினான். அவனாகவே வந்து சிக்கினான். இத்தனைக்கும் பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு மெயில். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இந்த வருஷம் முதீரா கணக்குப் பாடத்தையும் ஸ்கிரீனில் கேட்கிறார். சின்ன வகுப்புதான், கழித்தலும் வகுத்தலும். அவன் மனைவியே செய்துவிட்டாளாம். பெரிய கல்வி அதிகாரிகள் எல்லாம் பார்க்க வருகிறார்களாம். "நீ ஒருவாட்டி கண்ணால பாத்து ஓகேன்னு சொல்லிடு, எனக்கு அது போதும்" என்று எழுதியிருந்தான். கொழுப்பைப் பாருங்கள்!

ஃபைலைத் திறந்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரிதான், நிறமெல்லாம் அழகாகப் போட்டிருந்தாள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகப் பறந்துவந்து உட்காரும்படி செய்திருந்தாள். ஏழு வந்தது, இடப்பக்கக் கோடியில் உட்கார்ந்தது. அடுத்து கழித்தல் குறி, மூன்று, சமக் குறி. கடைசியாக வலப்பக்கக் கோடியில் நாலு. நம் ஊர்க் கணக்கு. நீங்களும் நானும் அப்படித்தான் எழுதுவோம்.

அங்கே அப்படி இல்லை. எழுத்தை வலப்பக்கத்தில் இருந்து எழுதுகிறவர்கள், அந்தப் புத்தகத்தில் கணக்கையும் வலப்பக்கத்தில் இருந்துதான் போட்டிருந்தார்கள். ஏழு வலக்கோடியில் நிற்கும், விடை இடக்கோடிக்கு வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முன்பு அவன் அனுப்பிய புத்தகக்கட்டில் ஒரு கணக்குப் புத்தகமும் கிடந்தது. சும்மா புரட்டியபோது, கணக்குக்கு மேலே பேரீச்சம்பழப் படம் இருந்தது. வலப்பக்கம் ஏழு பழம், அடுத்து பெருக்கல் குறி போட்டு அடித்துவிட்ட மூன்று பழம், இடது ஓரத்தில் மிச்சம் நாலு. அதைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். குர்ஆன் ஓதின எங்கள் ஆட்களுக்கு அரபு எண் தெரியும், வசனத்துக்கு வசனம் போட்டிருக்குமே. ஆனால் கணக்கை நாங்கள் எல்லோரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். புத்தகத்தைப் பார்த்ததும், இதென்ன விடை முன்னால் நிற்கிறதே, தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள் போல என்று நினைத்து நேராக்கிவிடுவோம். அவளும் நேராக்கிவிட்டாள், ஒரு கணக்கு விடாமல். அரபிப் பிள்ளை வலப்பக்கத்தில் இருந்து வாசித்தால், நாலு சமம் மூன்றிலிருந்து ஏழைக் கழித்தது என்று வரும். எட்டை இரண்டால் வகுத்த கணக்கில், இரண்டை எட்டால் வகுத்தால் நாலு என்று வரும்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு மத்தியானம் போதும், மொத்தத்தையும் மாற்றிக் கொடுத்துவிடலாம். "முழுசும் தப்பு" என்று இரண்டே வார்த்தை எழுதினாலும் போதும், அவர்களே மாற்றிக்கொள்வார்கள். நான் எழுதியது இது: "ரொம்ப நல்லா இருக்கு. மாத்த வேண்டியது எதுவும் இல்ல." அனுப்பிவிட்டு வெளியே போய் ஒரு கரும்பு ஜூஸ் குடித்தேன். அவ்வளவு ருசியான ஜூஸை நான் குடித்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரத்துக்கு மாமியிடம் இருந்து ஆள் வந்தது. அவன் போன் செய்கிறானாம், என்னிடம்தான் பேசவேண்டுமாம். போனேன். மாமி கூடத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகம் சரியில்லை. அவன் அனுப்பிய போன்தான், பட்டனைத் தட்டினால் கூடம் முழுக்கக் கேட்கும். மணி அடித்ததும் நான் ரிசீவரை எடுக்கவில்லை, அந்தப் பட்டனைத் தட்டினேன்.

"நீ பாத்தேல்ல?" சலாம்கூடச் சொல்லவில்லை.

"பாத்தேன் மச்சான்."

"தப்புன்னு தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

அவன் குரல் இறங்கியது. நடந்ததைச் சொன்னான். அதிகாரிகள் முன்னால் முதல் கணக்கு ஸ்கிரீனில் வந்ததும் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்களாம். இரண்டாவது கணக்குக்கு டீச்சர்களும் சிரித்துவிட்டார்களாம். முதீரா அவன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இதயத்தைச் செய்தவளா இதைச் செய்தது என்று கேட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டே, அதெல்லாம் ஊரில் ஒரு பெண் செய்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"முதீரா உன்னைத்தான் கேக்குறாங்க. விசா அவங்களே எடுக்குறாங்களாம். தனியா வர வேணாம், துணைக்கு உங்கத்தாவையும் கூட்டிட்டு வரலாமாம். பொண்ணுங்க லேபு முழுசும் உன் பொறுப்பு."

பழிவாங்கத்தான் நினைத்தேன், இது வரும் என்று நினைக்கவே இல்லை. அந்தப் போட்டோ அப்போதும் என் டிராயரில்தான் இருந்தது. கிழித்துப்போட மனம் வரவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஸ்கிரீன் முன்னால் போய் நின்றுவிடலாம்.

"மாமி பக்கத்துலதான் இருக்காங்க. இத்தனை வருஷமும் யாரு செஞ்சதுன்னு அவங்ககிட்ட ஒருவாட்டி சொல்லுங்க" என்றேன்.

"அதை அப்பறம்..."

"இப்ப சொல்லுங்க."

"அம்மா," என்றான். "எல்லாப் பாடமும் இவதாம்மா செஞ்சா. நானும் செய்யல, உங்க மருமவளும் செய்யல."

மாமியின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி, பேசி முடிச்சுட்டு போனை வையி" என்று என்னிடம் சொன்னாள்.

"வரேன்னு சொல்லிடு" என்றான் அவன். நான் உடனே சரி சொல்லாததில் பயந்துவிட்டான் போல, தானாகவே உளறினான். "முதீரா கறாரா சொல்லிட்டாங்க. உன்னைக் கூட்டிட்டு வந்தா என்னையும் வச்சுக்குவாங்க. இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்தான் பேசி உன்னைச் சேத்துவிட்டேன்னு இருக்கட்டும். எம் பொழப்பு உன் கையிலதான் இருக்கு."

அப்போதும் அவன் பிழைப்புதான்! நான் போகிற விமானத்துக்கும் அவன்தான் டிக்கெட் எடுத்தவன் ஆகவேண்டும். ஆயுசு முழுக்க, நான்தான் சேர்த்துவிட்டேன் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவான்.

"அப்படின்னா நான் வரல" என்றேன்.

"ஏய், பைத்தியமா நீ? இதுக்குத்தானே கெடந்து தவிச்சே?"

"ஆமா, தவிச்சேன். வரல" என்று சொல்லி நானே பட்டனை அமுக்கினேன். மாமியிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் அத்தா, "நல்லா யோசிச்சியாம்மா?" என்று கேட்டார். யோசித்தாகிவிட்டது என்று சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

கொஞ்ச மாதத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த லேபுக்கு வேறு எந்த நாட்டுக்காரியோ போனாள் என்று கேள்விப்பட்டேன். என்னைத் தெருவில் பார்த்தால் அவன் இன்னும் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறான். வேலை போனதற்காகக் குனியவில்லை. அந்த லேபுக்காக நான் எப்படி ஏங்கினேன் என்று இந்த உலகத்தில் முழுதாகத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவ்வளவு ஏங்கினவள், அவன் கையால் கிடைக்கும் என்றதும் வேண்டாம் என்று சொன்னாள். அந்த வேண்டாம் அவனுக்கு வலிக்கவேண்டும் என்றுதான் சொன்னேன், வலித்தது. எனக்கும் இன்றுவரை வலிக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.